இடது பக்கச் சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. அவர் சித்திரத்தை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குத் தோதாகச் சுவரை நகர்த்தித் தரச் சொன்ன ஆள். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நகர்த்தித் தர வேண்டியவன் நான். கொத்து வேலையில் எனக்கு இருபத்தாறு வருஷம். தெருவில் மேஸ்திரி என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பிக்கலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். நேரத்துக்கு ஆபீஸ் போவார். அவ்வளவுதான் கிடைத்தது.

தங்கைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே இரும்புத் தண்டு வைத்திருக்கிறார்கள். நடப்பாள். ஆனால் வலது காலை நம்பி ஓரிடத்தில் நிற்க முடியாது. அடுப்பு முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் இடது கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, வலது கையால் வேலை செய்ய வேண்டும். அவள் பிடித்துக்கொண்டிருந்தது மேடைக் கல்லின் விளிம்பை. கல் வழவழப்பு, கை எப்போதும் ஈரம். இரண்டு தரம் பிடி நழுவி முட்டியில் அடி வாங்கியிருக்கிறாள். இன்னொரு முறை இடுப்பில் விழுந்தால் அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறோம் என்றதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் அடுப்பு, மேடையின் இடது கோடியில், இடது பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுவரில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். மற்றபடி நீங்கள் சமையலறையைத் தங்கத்தில் இழைத்தாலும் சரி, தகரத்தில் அடைத்தாலும் சரி என்றாள்.

அவள் எப்படி விழுந்தாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. அந்தச் சமையலறையின் பழைய தரையைப் பதித்தவன் நான்தான். மாப்பிள்ளை எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் வேண்டும் என்றார். தண்ணீர் புழங்குகிற இடத்தில் சொரசொரப்பானதைத்தான் போட வேண்டும். நேற்றைக்குக் கொத்துக்கரண்டி பிடித்தவனுக்கும் அது தெரியும். நானும் அவரிடம் சொன்னேன். ஒரே ஒரு முறை சொன்னேன். மாப்பிள்ளை மனம் கோணினால் தங்கைக்கல்லவா கஷ்டம் என்று அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ரசமட்டம் வைத்து, ஒரு நூல் பிசகாமல், கண்ணாடி மாதிரி பதித்துக் கொடுத்தேன். நாலாவது மாதம் அவள் அதில் வழுக்கி விழுந்தாள். செய்தி கேட்டு நான் ஓடிப்போய்க் குனிந்தபோது அவள் முகமும் என் முகமும் தரையில் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு நல்ல வேலை.

அதனால் இந்த முறை அந்தக் கம்பியைப் போடாமல் அந்த வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

போனால், அங்கே படம் தயாராக இருந்தது.

படக்காரன் என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒருவன், எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, வீடுகளைக் கம்ப்யூட்டரில் மாற்றிக் கட்டித் தருகிறான். பழைய வீட்டின் போட்டோவை அனுப்பினால் போதும், நேரில் வரத் தேவையில்லை. வரவும் இல்லை. மாப்பிள்ளை அவனை டிசைனர் என்றுதான் சொல்வார். என்னைப் பற்றி அவனிடம் பேசும்போது ‘சைட்ல இருக்கிற ஆளு’ என்பார். என் காதுபடவே சொல்வார்.

படத்தில் எல்லாம் இருந்தது, ஒரு சமையலறைக்கு வேண்டியதைத் தவிர. குழாய் இருந்தது, அதற்குத் தண்ணீர் வரும் வழி இல்லை. அடுப்பு இருந்தது, சிலிண்டர் இல்லை. சுவிட்ச் என்ற பொருளே அந்த உலகத்தில் கிடையாது. கரித்துணி, குப்பைக்கூடை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லை. மேடை மேல் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மூன்று பச்சை ஆப்பிள் மட்டும் இருந்தன. அவன் மாற்றிக் கட்டுகிற எல்லாச் சமையலறையிலும் அந்த மூன்று ஆப்பிள் இருக்கும் என்று பிறகு தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் மாப்பிள்ளை ஏட்டுச் சுரைக்காய்க்கு எண்ணெய் காய வைத்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே கடைக்குப் போய் மூன்று பச்சை ஆப்பிள் வாங்கி வந்து, வேலை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது என்று கூடத்தில் வைத்தார். மூன்றாவது நாள் நான் ஒன்றைத் தின்றேன். ஒரே புளிப்பு.

நான் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படம் போட்டுவிட்டார். ஒன்றின் கீழே ‘பழையது’, இன்னொன்றின் கீழே ‘புதியது’. ஆஹா, ஓஹோ என்று முப்பது பேர் பாராட்டினார்கள். அவரும் கூச்சமில்லாமல் ‘நன்றி, ரொம்ப உழைச்சோம்’ என்று பதில் போட்டார். அந்த நேரத்தில் உழைத்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்டால், பழைய சமையலறையில் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவருக்குச் சட்னி தாளித்துக்கொண்டிருந்த என் தங்கை.

“இதுல கம்பி எங்க மாப்ளே?” என்று கேட்டேன்.

“அது வேண்டாம் மச்சான். டிசைனர்கிட்ட கேட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும், லுக்கே போயிடும்னுட்டாரு.”

“லுக் போனா திரும்ப வரும். அவ இடுப்பு போனா?”

“அவ பிடிச்சுக்கத்தான் மேடை இருக்கே. இத்தன நாள் அப்படித்தானே பண்ணிட்டு இருந்தா?”

தங்கை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை போனை அவள் பக்கம் திருப்பி, எப்படி இருக்கிறது என்றார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம வீடு மாதிரியே இல்லையே” என்றாள். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அதான் வேணும்” என்றார்.

நான் படத்தைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதுதான் கேள்வி. தினமும் காலையில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “பாத்துட்டேன் மாப்ளே, பாத்துட்டேன்” என்று கலவையைக் கிளறிக்கொண்டே சொல்வேன். அந்தப் பளபளப்பின்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில், இரண்டு நிமிஷம் நின்று நிதானமாக அதை நான் பார்க்கவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மண்டைக்கு விழ வேண்டிய குட்டு இதற்காகத்தான்.

பழைய டைல்ஸைப் பெயர்த்தேன். அதை உடைக்கும்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியை வெளியே சொல்ல முடியாது. சொரசொரப்பான புதுத் தரை போட்டேன். மாப்பிள்ளை அதற்கு ஒப்புக்கொண்டது டாக்டர் சொன்னதால். நான் சொன்னதால் இல்லை. அவர் ஆபீஸ் போன ஒரு காலையில், இடது பக்கச் சுவரில் கம்பிக்காகத் துளை போட்டேன். பூச்சில் மட்டும் நிற்கிற கம்பி எனக்கு வேண்டாம். செங்கல்லுக்குள் ஐந்து அங்குலம் தோண்டி, இரும்பு முளையை இறக்கி, சிமெண்ட் கலவை அடைத்து, மூன்று நாள் தண்ணீர் காட்டி இறுகவிட்டேன். அப்புறம் துருப்பிடிக்காத குழாயை அதில் முடுக்கி, காலைத் தூக்கிக்கொண்டு என் முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டேன். எண்பத்து நாலு கிலோ. அசையவில்லை.

தங்கையைக் கூப்பிட்டேன். அடுப்பு இல்லாத மேடைக்கு முன்னால் வந்து நின்று, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வெறும் காற்றைக் கிளறினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டில்லை, பத்து நிமிஷம் அப்படியே நின்றாள். அடுப்பை அணைக்கிற மாதிரி கையை முறுக்கினாள். பின்னால் திரும்பி எதையோ எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

“அண்ணா, ரெண்டு விரக்கடை கீழ இருந்தா தோள்பட்டை இழுக்காது.”

மூன்று நாள் இறுகிய வேலை. வேறு யாராவது சொல்லியிருந்தால் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். முளையைப் பெயர்த்து, பழைய துளையை அடைத்து, இரண்டு விரல் அகலம் கீழே புதிதாகத் தோண்டினேன். மறுபடி மூன்று நாள். மறுபடி வந்து நின்று காற்றைக் கிளறினாள். இந்தத் தடவை தோளைத் தளர்த்திக்கொண்டாள். அவள் தோள் தளர்ந்து நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் குனிந்து தரையைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

ஒரு வாரமாகப் போனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அன்று சாயங்காலம்தான் சுவரைப் பார்த்தார். முகம் சுண்டியது. அலமாரி வந்ததும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அலமாரிகள் ஒரு வாரத்தில் வந்தன. படத்தைப் பார்த்து ஒரு தொழிற்கூடத்தில் செய்து, பெட்டி பெட்டியாக வண்டியில் இறங்கின. அவற்றை மாட்டுவதற்கு ஒரு தச்சர் கூடவே வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், வாயில் பேச்சே கிடையாது. மூலை அலமாரியைப் பிரித்துச் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போனவர், அதே வேகத்தில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இன்னொன்றைப் பிரித்தார். சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

“மேஸ்திரி, உங்க வீடு திரும்பி நிக்குது.”

என்ன சொல்கிறார் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் மேடை நேர்ச்சுவர் முழுக்க ஓடி, வலது பக்கம் திரும்பும். வந்த அலமாரி இடது பக்கம் திரும்பியது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எங்களுக்கு வலது கோடியில் ஜன்னலும் கழிவுநீர்க் குழாயும் இருந்தன. அலமாரியில் தொட்டிக்கான ஓட்டை இடது கோடியில் இருந்தது. அடுப்புக்கு வெட்டிய இடம் வலது கோடியில். நீளம், அகலம், உயரம் எல்லாம் அச்சு அசல். இடம் மட்டும் வலம், வலம் மட்டும் இடம்.

அப்போதுதான் நான் முதல்முறையாக அந்தப் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் வைத்து ஒழுங்காகப் பார்த்தேன். ஜன்னல் இடது பக்கம் இருந்தது. ஒரு மாதமாகத் தினமும் என் மூக்குக்கு நேரே அது இடது பக்கம்தான் இருந்திருக்கிறது. தச்சர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நான் முப்பது நாளாகக் கண்டுபிடிக்கவில்லை. மாப்பிள்ளையைக் கேவலமாகப் பார்ப்பதிலேயே என் கண் தேய்ந்துவிட்டது போலிருக்கிறது, படத்துக்கு மிச்சமில்லை.

குழுவில் போட்ட பழைய போட்டோ எங்கே என்று கேட்டு, தங்கையின் போனில் தேடி எடுத்தோம். விஷயம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளை பழைய சமையலறையை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தால் தொல்லை இல்லை. தானும் அதில் இருக்க வேண்டும் என்று, போனின் முன்பக்கக் கேமராவைத் திருப்பி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தன்னையே எடுத்திருக்கிறார். சில போனில் அப்படி எடுத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் பதியும். அவர் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. பின்னால் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அடுத்தபடி பதினொன்று வந்தது. படக்காரன் செய்தது மாப்பிள்ளையை அழித்ததுதான், மீதியை அப்படியே வைத்துக்கொண்டு அழகு பண்ணிவிட்டான். அந்தப் படத்தில் அவன் செய்த ஒரே உருப்படியான வேலை அந்த அழிப்பு என்பது என் அபிப்பிராயம்.

சரி, படக்காரன் வீட்டைப் பார்த்ததில்லை. எனக்கு இளக்காரம். மாப்பிள்ளைக்கு என்ன வந்தது? பதினாறு வருஷம் அந்தச் சமையலறையிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டவர். தன் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படத்தைப் பார்த்த முதல் நொடியிலேயே தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

சாயங்காலம் வந்தார். தச்சரும் நானும் அலமாரியைக் காட்டினோம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, யாருக்கும் பார்த்ததும் புரியும். மாப்பிள்ளை போனையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

“படம் சரியாத்தான் இருக்கு. வீட்டுலதான் ஏதோ தப்பு.”

தச்சர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்.

“மச்சான், ஜன்னலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டா? தொட்டிக் குழாயையும் இப்படி எடுத்துட்டு, அடுப்பை அந்தப் பக்கம் வெச்சுட்டா முடிஞ்சுது. படத்துல எவ்ளோ நல்லா வந்திருக்கு பாருங்க.”

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவர் மேடையை உடைத்தே கட்டச் சொல்கிறார். ஜன்னல் என்பது மேசை மேல் இருக்கிற பேனா அல்ல, தள்ளி வைக்க. அதற்கு மேலே விட்டம் இருக்கிறது, விட்டத்துக்கு மேலே மாடிச் சுவர் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் எதையும் கேட்டுக்கொள்வார், அதில் அவருக்குச் சிரமம் இல்லை. அப்புறம்தான் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“அடுப்பை வலது கோடிக்குக் கொண்டு போனா, அவளுக்கு இடது கைப் பக்கம் சுவரே கிடையாது மாப்ளே. வலது கைப் பக்கம்தான் சுவர். அவ எதைப் பிடிச்சுட்டு நிப்பா?”

“பழகிக்குவா.”

தங்கை கூடத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அதைச் சொன்னபோது அவள் வலது முட்டியின் மேல் இருந்த கை ஒருமுறை மூடித் திறந்தது. பதினாறு வருஷம் பழகிக்கொண்டவள்.

“அடுப்பு அங்கயேதான் இருக்கும்” என்றேன். “அலமாரிய நாங்க பாத்துக்கறோம்.”

அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, படக்காரனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். படக்காரன் குரல் தேன் மாதிரி இருந்தது.

“அவ்ளோதானா சார்? ஒரு நிமிஷ வேலை. ஒரே கிளிக்ல திருப்பிடலாம்.”

சொன்னபடியே ஒரு நிமிஷத்தில் புதுப் படம் வந்தது. அடுப்பு இடது பக்கம், ஜன்னல் வலது பக்கம், ஆப்பிள் கிண்ணம்கூட இடம் மாறியிருந்தது. மாப்பிள்ளை முகத்தில் பல்பு எரிந்தது. போனை எங்களிடம் நீட்டினார்.

“பாத்தீங்களா, சரியாயிடுச்சு. இதுக்குப் போய் என்னா பேச்சு பேசினீங்க.”

பின்னால் கூடத்தில் பதினோரு அலமாரி தப்பான பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தன. அவற்றை யாரும் கிளிக் பண்ணவில்லை.

அவற்றைத் திருப்ப எங்களுக்கு ஆறு நாள் ஆனது. நேரான பெட்டிகளை இடம் மாற்றினோம். கதவுகளின் கீல்களைக் கழற்றி மறுபக்கம் மாட்டினோம், பழைய துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தோம். மூலை அலமாரி எதற்கும் மசியவில்லை. தச்சர் அதை நடுவில் அறுத்து, உள்பக்கத்தை வெளியாகவும் வெளிப்பக்கத்தை உள்ளாகவும் ஆக்கினார். கையில் இரண்டு இடத்தில் வெட்டு. ஆறாவது நாள் மத்தியானம் அவர் பேசிய இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டேன். “அடுத்த ஜென்மத்துல நானும் படம்தான் வரைவேன் மேஸ்திரி” என்றார். மிளகாய்ப்பொடி டப்பா வைக்கிற இழுப்பறை மட்டும் கடைசிவரை கோணிக்கொண்டு, பலமாக இழுத்தால்தான் திறக்கிறது.

எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். படத்தையும் சமையலறையையும் ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார், பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி. சுவிட்ச் ஏன் இருக்கிறது என்று கேட்டார். சிலிண்டர் கண்ணில் படாமல் இருக்க முடியாதா என்றார். கம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

“இது மட்டும் எடுத்துடலாம் மச்சான்.”

“எடுக்கலாம். சுவரையும் சேத்து எடுக்கணும்.”

பாதிதான் பொய், ஐந்து அங்குலம் உள்ளே இருந்தது. அவர் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு திடீரென்று சமாதானமாகிவிட்டார். அவர் சும்மா சமாதானமாகிற ஆள் இல்லை.

“சரி, இருக்கட்டும். படத்துல எடுத்துக்கலாம்.”

அன்றைக்கு மாலை தங்கை புது அடுப்பில் முதல்முதலாக எங்கள் எல்லோருக்கும் டீ போட்டாள். மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு வந்து, புதுசாக வாங்கிய மூன்று ஆப்பிளைக் கிண்ணத்தில் வைத்தார்.

“பின்பக்கக் கேமரா மாப்ளே” என்றேன்.

காதில் வாங்காத மாதிரி போனைத் திருப்பிக்கொண்டார். தங்கையைத் தள்ளி நிற்கச் சொன்னார். பால் பொங்குகிற நேரம், அவள் நகரவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே எடுத்தார், அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் படக்காரன் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பினான். குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை கூடத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது.

நாங்கள் டீயைக் குடித்து முடிக்கவில்லை, சமையலறை வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

“அக்கா மெசேஜ் போட்டிருக்கா.” அவருடைய அக்கா, என் தங்கைக்கு நாத்தனார். சத்தமாகப் படித்தார். “‘கிச்சன் பிரமாதம். அதைவிடச் சந்தோஷம், அவ கால் நல்லாயிடுச்சே. பிடிமானமே இல்லாம எவ்ளோ நேரா நிக்கிறா. ஞாயித்துக்கிழமை நாங்க பன்னெண்டு பேரும் வர்றோம். மத்தியானம், ராத்திரி ரெண்டு வேளையும் அவ கையாலதான் சாப்பாடு.’ தாராளமா வாங்கன்னு போட்டுட்டேன்.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் கால் நல்லாகவில்லை என்று இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்துதான் தாராளமாக வாங்க என்று போட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு நிற்காமல், அந்தச் சோற்றுக்குப் பன்னிரண்டு இலையும் போட்டுவிட்டார்.

“போனை இப்படிக் காட்டுங்க” என்றாள் தங்கை.

தயிருக்கு மிச்சப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த அவள் கையில் கரண்டியும் கம்பியும் இருந்ததால், அவர் அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சுவிட்ச் போயிருந்தது, சிலிண்டர் போயிருந்தது, கோணல் இழுப்பறைகூட நேராகியிருந்தது. கம்பி போயிருந்தது. படக்காரன் கம்பியைத்தான் அழித்திருந்தான், கையை விட்டுவிட்டான். இடுப்பு உயரத்தில் அவள் இடது கை எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி விரல் மடங்கி அந்தரத்தில் நின்றது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மூன்று பச்சை ஆப்பிள். முகத்தைக்கூடக் கொஞ்சம் வெளுப்பாக்கி, லேசாகச் சிரிக்க வைத்திருந்தான்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பால் வாசனை வந்ததும் அடுப்பைக் குறைத்தாள். மறுபடி பார்த்தாள்.

“நல்லா நிக்கிறா” என்றாள்.

“யாரு?” என்றார் மாப்பிள்ளை.

“இவதான். காலும் வலிக்காது போலிருக்கு, சிரிச்ச முகமா வேற இருக்கா. ஞாயித்துக்கிழமை ரெண்டு வேளையும் இவளையே சமைக்கச் சொல்லுங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. பதினாறு வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுப்பை அணைத்தாள். கம்பியைப் பிடித்தபடியே ஒரு சுற்றுத் திரும்பி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போயிருந்த தன் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. தச்சர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா இவ இப்படிப் பேசறா. பன்னெண்டு பேரு வர்றாங்க, நான் வேற சொல்லிட்டேன். மச்சான், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

டைல்ஸ் போட்ட அன்றைக்கு நான் ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவன். அந்த மூடல் அவள் இடுப்பில் இரும்பாக உட்கார்ந்திருக்கிறது. என் டம்ளரைத் தொட்டியில் வைத்துவிட்டு, ரசமட்டத்தையும் கரண்டிகளையும் பைக்குள் போட்டேன்.

“சொல்றேன் மாப்ளே. அடுப்பு இடது பக்கம் இருக்கு. இன்னிக்குப் புதன்கிழமைதான், ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிக்கலாம். உங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு, கம்பியக்கூடப் பிடிக்க வேண்டியதில்ல.”